பாக்கெட் வேண்டாம், இந்தப் பெட்டி போதும்: போக்கிமான் பேட்டில் அகாடமி

போன தீபாவளிக்கு வந்த அங்பாவ் பணத்தில் 60 வெள்ளியை என் மகன் ஒரே சாயங்காலத்தில் போக்கிமான் அட்டை விளையாட்டின் பாக்கெட்டுகளுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு பாக்கெட் 6 வெள்ளி, உள்ளே 10 அட்டை. வீட்டுக்கு வந்து தரையில் பரப்பினான். நூறு அட்டை இருந்தது, ஆனால் விளையாட ஒரு கட்டு சேரவில்லை. சாரிசார்ட் கிடைத்தால் மட்டும் போதாது, அதை இறக்க முதலில் அதன் அடிநிலையான சார்மாண்டர் வேண்டும். அவனுக்கு வந்ததில் பாதி அப்படி அடிநிலை இல்லாத அட்டைகள். “அம்மா, இன்னும் ரெண்டே ரெண்டு பாக்கெட்” என்றான். எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாமலே எட்டு வயதுப் பிள்ளையிடம் காசு வாங்குகிற முறைமேல்.

அப்புறம்தான் பேட்டில் அகாடமி பெட்டியை வாங்கினேன், 2022 பதிப்பு. ஏறக்குறைய ஐந்து பாக்கெட் விலை. பிக்காச்சு, சின்டரேஸ், ஈவீ என்று 60 அட்டை கொண்ட மூன்று முழுக் கட்டுகள், விரித்து வைக்கப் பலகை, வாங்கிய அடிகளைக் கணக்குப் போட வில்லைகள், சுண்டிவிட ஒரு காசு. என்னென்ன அட்டை வரும் என்பது முதலிலேயே தெரியும். எந்தக் கடையில் வாங்கினாலும் அதே அட்டைகள்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எந்தக் கட்டு என்கிற அடையாளமும் ஒரு எண்ணும் பொடியாக அச்சாகியிருக்கிறது. எண் வரிசைப்படி அடுக்கிவிட்டால், பயிற்சிப் புத்தகம் முதல் ஆட்டத்தை அட்டை அட்டையாகச் சொல்லித்தருகிறது. அக்காவும் தம்பியும் கட்டுகளைக் கலந்துவிட்டாலும் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். எங்கள் வீட்டில் அது வாரம் ஒரு முறை நடக்கிறது.

என் மாமனார் ரம்மி ஆடியே பழகியவர். ஆங்கிலம் அவ்வளவாக வராது. பேத்தி இரண்டு முறை படித்துக் காட்டினாள், மூன்றாவது ஆட்டத்தில் ஆறு பரிசு அட்டைகளையும் அவரே எடுத்து ஜெயித்துவிட்டார். “தாத்தா, பேர்ல வி-ன்னு போட்ட அட்டையை வீழ்த்தினா ரெண்டு பரிசு” என்று அவள் சொல்லித்தந்ததை வைத்தே ஜெயித்தார். இருவர் கையிலும் ஏறக்குறைய ஒரே பலமுள்ள கட்டு இருப்பதால், யார் அப்பா அதிகம் செலவு செய்தார் என்பது ஆட்டத்தில் வருவதில்லை.

குறையும் உண்டு. பெரும்பாலான அதிகாரப்பூர்வப் போட்டிகளில் பழைய அட்டைகளை வருடந்தோறும் நீக்கிவிடுகிறார்கள். அட்டையின் கீழ்மூலையில் உள்ள எழுத்துதான் கணக்கு. அதனால் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இன்றைக்கு அப்படிப்பட்ட போட்டிக்குப் போக முடியாது. போட்டி ஆசை வந்தால், வேண்டிய அட்டையை மட்டும் ஒற்றையாக விற்கிற கடைக்குப் போங்கள். ஒரே அட்டை பளபளப்பான படத்தோடும் வரும், சாதாரணமாகவும் வரும். ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே சக்தி, விலையில்தான் அவ்வளவு வித்தியாசம். என் மகனுக்கு இதைச் சொன்னதும், சாதாரண அட்டையாகத் தேடி 3 வெள்ளிக்குள் ஐந்து வாங்கி வந்தான். ஈவீ கட்டில் எதை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்ப்பது என்று இரண்டு நாளாகத் தாத்தாவோடு பேச்சு நடக்கிறது.