வீல் ஆர்ச்ல பியூட்டைல் ஷீட் போட்டாச்சு, சத்தம் குறைஞ்சுதா?

கார்ல டயர் சத்தம் தாங்க முடியாம 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (ஒட்டுற ரப்பர் ஷீட்) வாங்கி நாலு வீல் ஆர்ச்லயும் (டயருக்கு மேல இருக்கற வளைவான தகடு) ஒட்டினேன், மேல அலுமினியம் ஃபாயில் வர்ற டைப். வீல் ஆர்ச்ச உள்பக்கம் மூடியிருக்கற லைனரை கழட்டி, சேறு போக கழுவி, நல்லா காயவிட்டு, ஆல்கஹால் போட்டு துடைச்சு அப்புறம்தான் ஒட்டணும், ரோலரை வச்சு அழுத்துறதுல மட்டும் சோம்பல் படாதீங்க, அடியில காத்து நின்னா தண்ணி புகுந்து துரு வந்துடும்.

கல்லு தெறிக்கிற டங் டங் சத்தம், மழைத்தண்ணி அடிக்கிற சத்தம் ரெண்டும் செமையா அமுங்கிடுச்சு, இதுக்காகவே வாங்கலாம். ஆனா சொரசொரப்பான ரோட்ல வேகமா போறப்ப வர்ற உறுமல் கொஞ்சம்தான் குறைஞ்சுது, ஏன்னா பியூட்டைல் ஷீட், கார் பாடியோட தகடு அதிர்றதத்தான் அடக்கும், காத்து வழியா வர்ற சத்தத்தை தடுக்க உள்பக்கம் கார்பெட்டுக்கு அடியில கனமான லேயர் வேற வேணும். டயருக்குள்ள இருக்கற காத்து 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல எழுப்புற ரீங்காரம் சஸ்பென்ஷன் வழியா பாடிக்கு வருது, அத இந்த ஷீட் தொடவே தொடாது.

தார் கலந்த மலிவு ஷீட் மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டுல இளகி நாறும். டயர் கோணலா தேஞ்சிருந்தா முதல்ல அத பாருங்க, ஷீட் அப்புறம்.