பின் சக்கர அலைன்மென்ட்: இருக்கும் போல்ட்டா, புது ஆர்மா?

என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரை 30 மி.மீ. தாழ்த்திய பிறகு, பின் டயர்கள் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தன. உள்விளிம்பைத் தடவியபோது, ரப்பர் தேய்ந்து வெளியே வந்த கம்பி கையில் குத்தியது. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். கூடவே டோவும் மாறும்; மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம் அது. டயரை அதிகம் தின்பது டோதான்.

சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் தண்டுதான் ஆர்ம். கம்பெனி ஆர்மின் உள்முனையில் இருக்கும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டைத் திருப்பிச் சரிசெய்வது மலிவு. அலைன்மென்ட் கூலியோடு முடிந்துவிடும். ஆனால் அது நகரும் தூரம் கொஞ்சம்தான். புதுச்சேரி, கடலூர் வண்டிகளுக்கு உப்புக்காற்றுத் தொல்லை வேறு. போல்ட் துருவேறி, புஷ்ஷின் (ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் உருளை) இரும்புக் குழலோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு பக்கம் வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு நாள் முன்பே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் போட்டால் கேம்பரை நிறையவே திருத்தலாம். விலை அதிகம். ரப்பர் புஷ் இல்லாத வகை என்றால் பள்ளம் மேட்டில் சத்தம் வரும். நீளத்தை மாற்றும் திருகு மரைக்கு கிரீஸ் தடவாமல் விட்டால் அதுவும் துருவில் இறுகும்.

தாழ்த்தாத வண்டிக்கு போல்ட்டே போதும், ஆர்ம் வீண் செலவு. எனக்கு போல்ட் கடைசி வரை திரும்பியும் கேம்பர் அடங்காததால் ஆர்ம் வாங்கினேன். எதுவானாலும் முதலில் கேம்பர், அப்புறம் டோ. பின்பக்கம் முடித்த பிறகே முன்பக்கம். ஒரு பக்க அளவு மட்டும் தப்பாக இருந்தால், காசு போடும் முன் ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.