தண்ணீர் குடித்த பான்டூன் படகு: பழையது வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பழைய பான்டூன் படகு, அதாவது காற்றடைத்த குழாய்களின் மேல் தளம் வைத்து மிதக்கும் படகு, தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னையும் என் மச்சானையும் ஒரு வியாபாரி ஏமாற்றிவிட்டார். பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். அந்தப் படகில் 81 வயது ஆயாவையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனோமே, அதுதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இருவரும் பாதிப் பாதி போட்டு 1,40,000 ரேண்டுக்கு வாங்கினோம். விற்றவருக்குப் படகு வியாபாரமே தொழில். நம் ஆள், கோயிலில் பார்த்த முகம். "அண்ணா, குழாய் முழுக்க ஃபோம் அடைச்சிருக்கு, ஓட்டையே விழுந்தாலும் மூழ்காது. டேம் தண்ணியில மட்டும்தான் ஓடியிருக்கு" என்றார். தகுதிச் சான்றிதழைக் கேட்டபோது, புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகவும் அடுத்த வாரம் தருவதாகவும் சொன்னார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிட்டோம்.

மிட்மார் டேமில் முதல் நாள் இறக்கினோம். கரையில் நின்று பார்த்த என் அக்கா, "இடது பக்கம் கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டாள். போனில் கேட்டதற்கு, பெட்ரோல் டாங்கி அந்தப் பக்கம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார் அவர். நம்பினோம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயா தண்ணீரையே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். இரவு படகைக் கரையோரம் கட்டிவிட்டு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால், பின்பக்க இடது மூலையில் தளம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டிரெய்லரில் ஏற்றிப் பக்கியால் (பிக்கப் வண்டியால்) இழுத்தபோது இடது டயர் நசுங்கிக் கிடந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அலுமினிய வேலை செய்யும் ஒரு வெல்டரிடம் கொண்டுபோனோம். அவர் குழாயை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கிண்ணென்று கேட்டது. பின்பக்கம் வந்ததும் சத்தம் மந்தமாகிவிட்டது. அடியில் சிறு துளை போட்டார். முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது. ஃபோம் ஒரு துண்டுகூட இல்லை.

வாங்குவதற்கு முன் எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள் அல்லவா? பான்டூன் படகும் அதே கதைதான். சுரைக்குடுக்கைக்குப் பதில் இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், சில படகுகளில் மூன்று. தளம், இருக்கை, கூரை, எஞ்சின் எல்லாம் அவற்றின் மேல். குழாய் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கும். எங்கள் படகின் குழாய்கள் 60 சென்டிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம். ஒரு குழாயின் கொள்ளளவு கிட்டத்தட்ட 1,700 லிட்டர். இரண்டும் முழுதாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 3,400 கிலோவைத் தாங்கும். படகும் எஞ்சினும் சேர்ந்து ஒரு டன் என்றால், ஆளில்லாமல் நிற்கும்போது குழாயின் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். எட்டுப் பேர் ஏறினால் பாதிக்கு அருகில் வரும். மிச்சம் இருப்பதுதான் உயிருக்குக் காப்பு. எங்கள் படகின் இடது குழாய் முதல் நாளே, யாரும் ஏறாமலே, பாதிக்கு மேல் அமிழ்ந்திருந்தது. அக்காவின் கண்ணுக்குப் பட்டது அதுதான்.

ஒவ்வொரு குழாயையும் உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாகப் பற்றவைத்திருப்பார்கள். எங்களுடையதில் மூன்று அறை, ஒவ்வொன்றும் 565 லிட்டர். பின்னறை நிரம்பினால் அந்த மூலையில் 565 கிலோ மிதப்பு போய்விடும், எஞ்சின் எடையும் அங்கேதான் இருக்கிறது. பின்னறைக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள தடுப்பு நல்ல நிலையில் இருந்ததால் தண்ணீர் முன்னே போகவில்லை. அந்தத் தடுப்புதான் படகை மூழ்காமல் நிறுத்தியது.

ஃபோம் பேச்சையும் நம்பாதீர்கள். அடைபட்ட காற்றைவிட ஃபோம் கனமானது, அதனால் அது மிதப்பைக் கூட்டாது. ஓட்டை விழும்போது தண்ணீர் புக வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் பயன். பழைய ஃபோம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் லேசில் வடியாது. அந்தக் கனத்தையும் நீங்கள்தான் சுமந்து திரிய வேண்டும்.

அப்புறம் வெல்டர் சோப்புத் தண்ணீர் பூசி, கால் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றினார். இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும் என்றார். கார் டயருக்கு அடிப்பதுபோல் 30 வரை ஏற்றினால் குழாய் வீங்கிப் பற்றவைப்பு பிளந்துவிடும், கம்ப்ரஸரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். தளத்தைத் தாங்கும் கொக்கி குழாயோடு சேரும் இடத்தில் குமிழி வந்தது. பெயிண்டைச் சுரண்டினால் அடியில் விரிசலை அடைக்கும் புட்டிப் பசை! வெடித்த பற்றவைப்பை மெழுகி, மேலே புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள், அலுமினியத்தில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள். உப்புத் தண்ணீரில் வேறு உலோகத்தோடு ஒட்டியிருந்தால் அலுமினியம் இப்படி அரிக்கும். அதைத் தடுக்கக் கட்டும் துத்தநாகக் கட்டியும் இல்லை. கடலில் ஓடிய படகைத்தான் டேம் படகு என்று விற்றிருக்கிறார்.

திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்: 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருந்தபடியே விற்றது, இனிப் பொறுப்பில்லை. பலர் இந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள், மூட வேண்டியதில்லை. குறையைத் தெரிந்தே மறைத்து விற்றவருக்கு அந்தச் சொல் காப்பாகாது. விற்பவர் வியாபாரி என்றால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று நாமே கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் பொருந்தாது. நாங்கள் வெல்டரின் எழுத்து அறிக்கை, படங்கள், "மூழ்காது" என்று அவர் வாட்ஸப்பில் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் வைத்துப் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

இதற்குள் போன வாரம் அவர் இன்னொரு பான்டூன் படகை விளம்பரம் செய்திருக்கிறார். அதிலும் அதே 'மூழ்காது'. நேட்டால் பக்கம் யார் படகு பார்க்கப் போவதாக இருந்தாலும் முந்தின நாள் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சனி, ஞாயிறு என்றால் நானே கால் பம்பும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கூட வருகிறேன்.