மீட்டர் ஒரு தடவை, ஸ்ட்ரிப் மாதாமாதம்

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்குக்காகக் கேரள எல்லையான களியக்காவிளையில் ரோட்டை அடைத்தபோது எங்கள் வீட்டில் முதலில் நின்றுபோனது அம்மாவுக்குச் சுகர் பார்ப்பதுதான். மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேரைப் போல எங்களுக்கும் டாக்டர் திருவனந்தபுரத்தில். பஸ் ஏறிப் போய், ரத்தம் கொடுத்து, மாத்திரை எழுதி வாங்கி வருவோம். அது முடியாது என்றானதும் மூன்று வழி இருந்தது: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேப், விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், கையில் ஒட்டிக்கொண்டால் குத்தாமலே சுகரைக் காட்டிக்கொண்டிருக்கும் சென்சார். மூன்றையும் பார்த்தாயிற்று. என் ஓட்டு குளுக்கோமீட்டருக்கு.

துல்லியம் என்றால் லேப்தான், அதில் பேச்சில்லை. மூன்று மாத நிலவரம் சொல்லும் எச்பிஏ1சி-க்கு இன்றும் அங்கேதான் போகிறோம். ஆனால் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்த அன்று லேப் பையன் முக்கு வரை வந்து, போன் பண்ணிவிட்டுத் திரும்பிப் போனான். அன்று ராத்திரி அம்மாவுக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. மீட்டரில் 58, சுகர் ரொம்பத் தாழ்ந்திருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் 84. லேப் வந்திருந்தாலும் அந்த ராத்திரிக்கு உதவியிருக்காது.

சரி, எந்த மீட்டர்? இதில்தான் நான் ஏமாந்தேன். முதலில் இருந்தது மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது, பளபளவென்று. கூட வந்த ஸ்ட்ரிப், அதாவது ரத்தத் துளியைத் தொட்டு மீட்டரில் பார்க்கும் பட்டை, தீர்ந்ததும் மார்த்தாண்டம், குழித்துறை என்று மெடிக்கல் கடையெல்லாம் கேட்டேன். எங்கேயும் இல்லை. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மீட்டரில் வேலை செய்யாது. மீட்டர் அலமாரிக்குப் போயிற்று. அப்புறம் தலைகீழாக யோசித்தேன். நடந்தே போகிற தூரத்தில் உள்ள கடையில் "எந்த ஸ்ட்ரிப் எப்பவும் ஸ்டாக் இருக்கும் அண்ணே?" என்று கேட்டு, அதற்கான மீட்டரை வாங்கினேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2021-இல் அம்மாவுக்குக் கோவிட் வந்தபோது புரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் சுகர் 300-ஐத் தாண்டியது. அந்த மாத்திரை அப்படித்தான் ஏற்றும். ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்து எண்ணைச் சொல்லச் சொன்னார் டாக்டர். போனிலேயே இன்சுலின் அளவை மாற்றினார். 50 ஸ்ட்ரிப் டப்பா பன்னிரண்டு நாளில் காலி. அந்த நேரத்தில் கடையில் ஸ்ட்ரிப் இல்லையென்றால் என்ன செய்திருப்போம்?

சாதாரண நாளில் தலைவலி வேறு மாதிரி. டப்பாவைத் திறந்துவிட்டால் சில கம்பெனி ஸ்ட்ரிப்புக்கு மூன்று மாதம்தான் கெடு. ஜூன் மழையில் உப்பே நீர்விடும் ஊர் இது. மூடியைச் சரியாக அடைக்காவிட்டால் ஸ்ட்ரிப்பும் ஈரம் இழுத்துத் தப்பாகக் காட்டும். அதனால் இப்போது 25 உள்ள டப்பாதான் வாங்குகிறேன், திறந்த தேதியை மார்க்கரால் எழுதி வைக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. அது இன்சுலினுக்கான இடம்.

ஒரு நாள் காலை 372 காட்டியது. எல்லோரும் பதறிவிட்டோம். பார்த்தால் அம்மா அப்போதுதான் சக்கைச் சுளை (பலாச்சுளை) எடுத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துப் பார்த்தால் 168. சானிட்டைசர் மட்டும் தடவினால் பழச் சர்க்கரை போகாது. மற்றபடி லேப் 150, மீட்டர் 165 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 100-க்கு மேல் 15 சதவீதம் கூடக் குறைய இருப்பதை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரவிதியே ஒத்துக்கொள்கிறது.

சென்சாரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே ஒரு முறை, இரண்டு வாரம் ஒட்டினோம். விலை சில ஆயிரம். வேர்வையில் ஓரம் கிளம்பி, பிளாஸ்திரி போட்டு ஒப்பேற்றினோம். தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் அது அளக்கிறது, அதனால் ரத்தத்தை விடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். ஆனால் ஒன்று. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்ட மதியங்களில் இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் கேட்டால், "நாளைக்குப் பாக்கலாம் மக்களே" என்று அம்மா நழுவிவிடுவார். அந்த இரண்டு வாரம் மட்டும் அது நடக்கவில்லை.