கோரிப்பாளையம் சிக்னலும் சோழவரம் ஃபியட்டும்

மச்சினன் ஒரு பழைய ஃபியட் 1100-ஐப் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் ரேஸுக்கு ட்யூன் பண்ணிய வண்டியாம். "உங்ககிட்டதான் அதே மாதிரி ரேஸ் ஃபியட்டும் இருக்கு, செடானும் இருக்கு. வாங்கலாமா மச்சான்?" என்கிறான். கேட்ட நேரம் சரியில்லை. நேற்றுதான் என் ஃபியட்டின் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தருவது) இறக்கி ஏற்றி, ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றி, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

1089 சிசி, ஸ்டியரிங் ஓரமாக கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இதெல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாதது மதுரை கோரிப்பாளையம் சிக்னல். அக்னி நட்சத்திரத்தில் அங்கே இரண்டு சிவப்புக்கு நின்றால் போதும், வண்டி இருமிவிட்டு அணைந்துவிடும். பெட்ரோல், அது வரும் குழாய் லைனுக்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது. எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பம்ப் அத்தனை தூரம் தள்ளியிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். லைனில் ஆவி நிறைந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஓடாது. பானெட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

வண்டியைத் திட்டவும் மனசு வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டுவதற்காகச் செய்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் சிக்னல் ஏது? எஞ்சின் சக்தி வீணாகக் கூடாதென்று ஃபேனையே கழற்றி வைத்திருந்தார்கள். ஓடினால் காற்று தானாக வரும் என்ற கணக்கு. நான் எலக்ட்ரிக் ஃபேன் மாட்டினேன். ரேடியேட்டர் அடங்கியது, பெட்ரோல் அடங்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்பது தனிச் செலவு.

செடானில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அங்கிருந்தே அழுத்தத்தோடு தள்ளுவதால் லைனில் பெட்ரோல் லேசில் கொதிக்காது. அதே சிக்னலில் ஏசி காற்றில் அம்மா தூங்கிவிடுவார்கள். வேகத்திலும் செடான்தான். ட்யூன் பண்ணாத ஃபியட்டுக்குச் சுமார் 40 குதிரைசக்தி, இதற்கு 80-க்கு மேல். பேசவே வேண்டாம்.

ஆனால் விடிகாலையில் நத்தம் ரோடு பறக்கும் பாலம், 7.3 கிலோமீட்டர். மூன்றாவது கியரில் 60-ஐத் தொடும்போது சைலன்சர் சத்தம் மாறும். பாலத்தின் ஒவ்வொரு ஜாயிண்டும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். பிரேக் எப்போது பிடிக்கணும் என்று முன்கூட்டியே யோசிக்கணும், இல்லாவிட்டால் பாலம் முடிந்துவிடும்! செடானில் 80-ல் போனாலும் பேங்கில் டோக்கனுக்கு உட்கார்ந்திருப்பது மாதிரிதான்.

ஆகவே மச்சினா, வாங்காதே. டவுனுக்குள் ஆகாது, காசைத் தின்னும், கார்புரேட்டர் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலையணும், என் வண்டியில் பின் சீட்டே கிடையாது. மீறி வாங்கினால் முதல் வேலையாக எக்ஸாஸ்டுக்கும் பெட்ரோல் லைனுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் தகடு, ஹீட் ஷீல்ட், அடி. என் ஃபியட்டை மட்டும் விலை கேட்டு வராதே. செடான் வேண்டுமானால் சொல்லு, அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.