மோரிஸ் மைனர் இன்ஜின்: பழைய பச்சையா, பளிச் சில்வரா?

கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் பெரிய வீட்டு ஷெட்டில் கிடந்த மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை எடுத்துச் சரிசெய்பவர்களுக்கு, பாடி கலரைவிட இன்ஜின் கலரில்தான் குழப்பம். காரைக்குடி பெயின்ட் கடையில் கேட்டால் ஹீட் பெயின்ட் (சூடு தாங்கும் பெயின்ட்) சில்வரை எடுத்து நீட்டுவார்கள். உடனே கிடைக்கும், பார்க்கவும் எடுப்பு. ஆனால் அந்த ரகத்தில் பல, நல்ல சூட்டில் காய்ந்தால்தான் இறுகிப் பிடிக்கும். இன்ஜினின் உடலான பிளாக்கோ ஓடும்போது சுமார் 90 டிகிரி செல்சியஸ்தான். அது பல நேரம் போதாது. பெட்ரோல் சிந்தினால் துணியோடு வந்துவிடும்.

1956 முதல் வந்த 948 சிசி ஏ-சீரிஸ் இன்ஜினுக்குக் கம்பெனி அடித்தது பச்சை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வெளியே தெரியும் பச்சையை நம்பக்கூடாது. எண்ணெயும் சூடும் அதைப் பழுப்பாக்கியிருக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் கேட்கவே வேண்டாம். டைனமோவை (மின்சாரம் தரும் பாகம்) இன்ஜினோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கழற்றி, அது பதிந்திருந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தால் ஒரு ரூபாய் அளவுக்காவது அசல் நிறம் தெரியும். மேலே இரண்டு மூன்று கோட் இருந்தால் நைஸ் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து, அடியில் இருப்பதைப் பாருங்கள். அந்தப் பாகத்தையே கடைக்குக் கொண்டுபோய், வெயிலில் வைத்து ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட்டில் பச்சை ஏமாற்றும்.

விற்கவோ கண்காட்சிக்கோ என்றால் பச்சைதான். கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் என்றால் சில்வர் போதும், சரி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாயில்) மட்டும் அந்தப் பச்சையை அடிக்காதீர்கள், கருகிவிடும்.