இலவசம் என்று இணைத்துக்கொண்டு சாவியைப் பூட்டிவைக்கும் சரிபார்ப்புச் செயலிகள்: ஓர் எச்சரிக்கை

கடவுச்சொல்லோடு அவ்வப்போது மாறும் ஓர் எண்ணையும் கேட்கும் இருகாரணிச் சரிபார்ப்புக்கென்று கைப்பேசியில் நிறுவிய ஒரு செயலி, மின்னஞ்சல், சமூக ஊடகம், கோப்புச் சேமிப்பகம் என்று என் கணக்குகள் அனைத்தும் அதில் இணைந்து முடியும்வரை முழுக்க இலவசமாக இயங்கிவிட்டு, பிறகு வந்த ஒரு புதுப்பிப்பில் என் குறியீடுகளை எனக்கே மறைத்துச் சந்தா கேட்டது. ஆறு இலக்க எண்கள் தெரிய வேண்டிய இடத்தில் மங்கலான கட்டங்களும், அவற்றின் மேல் ஒரு பொத்தானும் மட்டுமே இருந்தன. முதல் சில நாட்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அதன்பின் வாரந்தோறும் பணம் பிடிக்கப்படும் என்பது, பின்னணியோடு கலந்துபோகும் சாம்பல் நிறத்தில் அதற்கடியில் கிடந்தது. செயலியின் பெயரை நான் எழுதவில்லை. இதே வார்ப்பில் வேறு வேறு பெயர்களில் பல செயலிகள் உலவுவதால், பெயரைவிட அவை நடந்துகொள்ளும் விதத்தை அறிந்துவைப்பதே பயன்படும்.

வேறு வகைச் செயலி இப்படிக் காசு கேட்டால் அதை நீக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம். இங்கே அது முடியாது. ஒரு தளம் காட்டும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது, அதனுள் இருக்கும் ரகசியச் சாவி செயலிக்குள் பதிவாகிறது. அதே சாவி தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால், வழக்கமாக 30 விநாடிகளுக்கு ஒருமுறை இரு பக்கத்திலும் ஒரே எண் தனித்தனியே உருவாகிறது. இந்தக் கணக்கு முறை ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொது ஆவணமாக 2011இல் வெளியானது. எவரும் அதைப் பயன்படுத்தலாம். எண்ணை உருவாக்க இணைய இணைப்புகூடத் தேவையில்லை. ஆகவே, எனக்கு அந்த எண்ணைக் காட்டுவதால் செயலியை நடத்துபவருக்குச் செலவு எதுவும் கூடிவிடுவதில்லை. என்னிடம் கேட்கப்பட்டது, என் சாவியை எனக்குத் திருப்பித் தருவதற்கான பிணைத்தொகை.

சாவிகளை வெளியே எடுக்கும் ஏற்றுமதி வசதி அமைப்புகள் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் அதே சந்தாத் திரைதான் வந்தது. உதவிக் குழுவுக்கு எழுதினேன். கட்டணத் திட்டத்துக்கு மாறினால் எல்லா வசதிகளும் கிடைக்கும் என்ற தானியங்கிப் பதில் வந்தது. சாவிகளை மட்டும் கொடுத்தால் போதும் என்று மறுபடி எழுதியபோதும் ஓர் எழுத்து மாறாமல் அதுவே வந்தது. தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்போ, நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடம்கூட நிரப்பப்படாத ஒரு மாதிரிப் படிவத்தைத் திறந்தது. செயலி கைவிட்டாலும் உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளே வழங்காத தளம் ஒன்றில் என் கணக்கு மாட்டிக்கொண்டதால், கடைசியில் சந்தாவும் கட்டினேன். எண்கள் தெரிந்தன. ஏற்றுமதிப் பொத்தானும் வேலை செய்தது, ஆனால் அது தந்த கோப்பை அந்தச் செயலியைத் தவிர வேறெதாலும் திறக்க முடியவில்லை. முதலில் நடந்ததைவிட எனக்கு அதிக ஆத்திரம் மூட்டியது இதுதான்.

பணம் போனதைச் சிறிய இழப்பு என்றே கருதுகிறேன். சாவி வேறொருவர் கைக்குப் போனால், கடவுச்சொல்லையும் அறிந்த ஒருவர் என் கைப்பேசியைத் தொடாமலே என் எண்ணை உருவாக்கிவிடலாம். இது வெறும் கற்பனை அச்சம் அன்று. எஸ்.எம்.எஸ். வழிச் சரிபார்ப்பு இனிக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே என்று 2023 பிப்ரவரியில் ட்விட்டர் அறிவித்து, பலரும் மாற்றுச் செயலிகளைத் தேடத் தொடங்கிய நேரத்தில், மிஸ்க் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர்கள் ஆப் ஸ்டோரில் இருந்த பல சரிபார்ப்புச் செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்று, ஸ்கேன் செய்யப்படும் சாவிகளைத் தன்னை உருவாக்கியவரின் புள்ளிவிவரக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், கூகுள் பிளே கடையிலிருந்து 10,000க்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்த ஒரு சரிபார்ப்புச் செயலி, வங்கி விவரங்களைத் திருடும் வல்ச்சர் என்ற தீநிரலைக் கைப்பேசிக்குள் இறக்குவதை பிரடியோ என்ற கைப்பேசிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்தச் செயலி குறியீடுகளைச் சரியாகவே உருவாக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். நிரலை எவரும் பார்க்கவும் எடுத்தாளவும் திறந்துவிட்டிருக்கும் ஏஜிஸ் என்ற நல்ல திறமூலச் செயலியின் நிரலை எடுத்துத்தான் அது கட்டப்பட்டிருந்தது. எண் சரியாக வருகிறது என்பது நம்பகத்துக்குச் சான்றாகாது.

இத்தகைய செயலியில் ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் அதை அவசரப்பட்டு நீக்க வேண்டாம். கணினியிலோ வேறு சாதனத்திலோ உள்நுழைந்த நிலையில் இருக்கும் கணக்குகளையும், மீட்புக் குறியீடுகள் கைவசம் உள்ள கணக்குகளையும் முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு தளத்திலும் இருகாரணிச் சரிபார்ப்பை நிறுத்தி, புதிய செயலியைக் கொண்டு மீண்டும் தொடங்கினால் புதிய சாவி உருவாகும். பழைய சாவியையே புதிய செயலிக்கு மாற்றினால், பழைய செயலிக்குத் தெரிந்த ரகசியம் அப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருக்கும். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, கடையின் சந்தாப் பக்கத்துக்குப் போய்த் தனியே ரத்துசெய்ய வேண்டும்.

புதிதாகத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, கடையில் தேடும்போது மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம் என்பதால், செயலியை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலுள்ள இணைப்பு வழியே நிறுவுவது நல்லது. ஏஜிஸ், டூஎஃப்ஏஎஸ், எண்டெ ஆத் ஆகியவை திறமூலச் செயலிகள்; சாவிகளை வெளியே எடுக்கவும் விடுகின்றன. ஏஜிஸ் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமானது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதலே குறியீடுகளை உருவாக்கும் வசதி கைப்பேசியிலேயே உண்டு. அதை அறியாமல் வாரச் சந்தா கட்டுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில் மேகச் சேமிப்பு வந்தபோது அதற்கு முழுமையான இருமுனைக் குறியாக்கம் (சேமித்து வைக்கும் நிறுவனத்தாலும் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அந்த ஒத்திசைவை அணைத்துவைத்தும் அதைப் பயன்படுத்தலாம்.

எந்தச் செயலியானாலும், முக்கியமில்லாத ஒரு கணக்கை மட்டும் முதலில் அதில் இணைத்து, உடனே ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை இன்னொரு செயலியில் திறந்து பாருங்கள். கணக்கு முறை பொதுவானது என்பதால் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே எண் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால், அல்லது ஏற்றுமதிக்குப் பணம் கேட்கப்பட்டால், அடுத்த கணக்கை அதில் சேர்க்காதீர்கள். சோதனைக்காக எடுத்த கோப்பு குறியாக்கம் செய்யப்படாததாக இருந்தால், அதைத் திறக்கும் எவருக்கும் சாவி கிடைத்துவிடும் என்பதால் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.